பிடிக்குமா, வழுக்குமா?

மாணவர்களே, உங்கள் குடும்பம் கெடாவில் ரப்பர் தோட்டத்தோடு தொடர்புடையதா? அப்படியானால் பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு கேள்வி கேளுங்கள். ஸ்டோரில் ஷீட் அடித்த காலத்தில், தட்டிலிருந்து எடுத்த உறைந்த பாலை ஏன் முதலில் கையால் அழுத்தியும் காலால் மிதித்தும் தட்டையாக்கினார்கள்? அதற்குத்தானே இரண்டு இரும்பு உருளைகள் கொண்ட மிஷின் இருந்தது? அப்படியே மிஷினில் விட்டிருக்கலாமே?

விட்டால் போகாது என்பதுதான் பதில். கட்டி தடிமனாக இருந்தால் உருளைகள் அதைப் பிடிக்காது. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். உருளை சுழலும், கட்டி நின்ற இடத்திலேயே நின்று வழுக்கும். கொஞ்சம் தட்டையாக்கிக் கொடுத்தால், அதே உருளை அதே கட்டியை லபக்கென்று இழுத்துக்கொள்ளும். பிடிப்பதற்கும் வழுக்குவதற்கும் இடையே எங்கோ ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு எங்கே என்பது பாட்டிக்குக் கையிலும் காலிலும் தெரிந்திருந்தது. பொறியாளர்கள் அதைக் கணினியில் தேடுகிறார்கள். அவர்கள் எப்படித் தேடுகிறார்கள், எங்கே ஏமாறுகிறார்கள் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

இது வெறும் பழைய மிஷின் கதை அல்ல. வீட்டு வாசலில் நிற்கும் கப்சாய் மோட்டாரைப் பாருங்கள். அதில் இருவர் ஏறினால் பின்சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 1000 நியூட்டன் விசை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். டயருக்குள் காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 225,000 நியூட்டன். விசையை அழுத்தத்தால் வகுத்தால், சாலையைத் தொடும் பரப்பு தோராயமாகக் கிடைக்கும்: சுமார் 44 சதுர சென்டிமீட்டர். உங்கள் மைகார்டை எடுத்து அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட அதே பரப்பு. முன்சக்கரம் தொடுவது அதைவிடவும் குறைவு. பாடாங் செராயிலிருந்து கூலிமுக்கு மழையில் வண்டி ஓட்டிப் போகும் உங்கள் அப்பாவைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பது, இரண்டு மைகார்ட் அளவு கூட இல்லாத ரப்பர்தான்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரம் ஓடி நிற்கும்? படிவம் 4 இயற்பியலே போதும். வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கத்தைப் போல இரு மடங்கால் வகுக்க வேண்டும். குணகம் 0.8 என்றால் ஏறத்தாழ 17 மீட்டர். நனைந்த சாலையும் தேய்ந்த டயரும் சேர்ந்து குணகத்தை 0.4 ஆக்கிவிட்டால் 35 மீட்டர். நடுவில் இருக்கும் அந்த 18 மீட்டரில்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள். ஆகவே டயரைச் செய்வதற்கு முன்பே அது எப்படிப் பிடிக்கும் என்று கணித்துப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது?

எங்கே தொடுகிறது என்றே தெரியாத கணக்கு

பொறியியலில் பெரும்பாலான கணக்குகளில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பது தொடக்கத்திலேயே தெளிவு. ஒரு பாலத்தின் இரு முனைகளும் தூணில் உட்கார்ந்திருக்கின்றன, நடுவில் லாரி நிற்கிறது, பாலம் எவ்வளவு வளையும்? கேள்வி சுத்தமானது. ஆனால் டயர் சாலையை அழுத்தும்போது எந்தப் புள்ளிகள் சாலையைத் தொடுகின்றன, எவை தொடவில்லை என்பதே விடையின் ஒரு பகுதி. டயர் எப்படி நசுங்கும் என்று கணிக்க எங்கே தொடுகிறது என்று தெரிய வேண்டும். எங்கே தொடுகிறது என்று சொல்ல, எப்படி நசுங்கியது என்று தெரிய வேண்டும். கோழியா முட்டையா கதைதான்.

இத்தாலியக் கணிதவியலாளர் அந்தோனியோ சிக்னோரினி இந்தச் சிக்கலை 1933-இல் எழுப்பினார். மீள்தன்மையுள்ள ஒரு பொருள் வழவழப்பான தளத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, உராய்வு கூட இல்லை. இதற்கு விடை ஒன்று நிச்சயம் உண்டா, அது ஒன்றே ஒன்றுதானா? கேட்பதற்கு எளிது, இல்லையா? 30 ஆண்டுகள் யாராலும் நிறுவ முடியவில்லை. அவருடைய மாணவரான கயத்தானோ ஃபிக்கெரா 1963 ஜனவரியில்தான் அதை நிறுவினார். அப்போது ஆசிரியர் மரணப் படுக்கையில் இருந்தார். விடை கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, அடுத்த மாதம் இறந்துபோனார்.

சிக்னோரினி சொன்ன நிபந்தனை மிகச் சிறியது. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்கலாம். இடைவெளி இருந்தால் அழுத்தம் சுழியம். அழுத்தம் இருந்தால் இடைவெளி சுழியம். இரண்டையும் பெருக்கினால் எப்போதும் சுழியமே வரும். இதில் உராய்வையும் சேர்த்தால் ஒரு புள்ளிக்கு மூன்று நிலைகள் ஆகிவிடும்: விலகி நிற்கிறது, ஒட்டி நிற்கிறது, வழுக்குகிறது.

கணினியில் டயரைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பார்கள். இதற்கு முடிவுறு கூறு முறை என்று பெயர். சாலையைத் தொடக்கூடிய பகுதியில் 20 புள்ளிகள் மட்டும் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள் என்று மொத்தம் 348 கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள். 1000 புள்ளிகள் என்றால் அது 478 இலக்க எண். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால் ஊகிக்கிறது. எல்லாப் புள்ளிக்கும் ஒரு நிலையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கும். விலகி நிற்கிறது என்று வைத்த புள்ளி சாலைக்குள் புகுந்திருந்தால், அதைத் தொடும் பட்டியலில் சேர்க்கும். தொடுகிறது என்று வைத்த புள்ளியில் சாலை டயரைக் கீழே இழுப்பதாக விடை வந்தால், அது நடக்காத காரியம், சாலைக்கு இழுக்கத் தெரியாது. உடனே அந்தப் புள்ளியை விடுவிக்கும். திருத்தி மறுபடி கணக்கு, மறுபடி சோதனை. பட்டியல் மாறாமல் நிற்கும்வரை இப்படியே போகும்.

புகுந்தவனுக்கு அபராதம்

சரி, சாலைக்குள் புகுந்த புள்ளியை எப்படி வெளியே தள்ளுவது? மிகவும் பிரபலமான வழிக்கு அபராத முறை என்று பெயர் வைக்கலாம். தரையைத் தரையாகக் கருதாமல், மிக விறைப்பான ஒரு வில்லாகக் கருதுவார்கள். தரைக்குள் புகலாம், ஆனால் எவ்வளவு ஆழம் புகுகிறாயோ அவ்வளவு பலமாகத் தள்ளப்படுவாய்.

நீங்களே போட்டுப் பாருங்கள். 2 கிலோ அரிசிப் பொட்டலம் ஒன்று தரையில் இருக்கிறது. எடை 20 நியூட்டன். தரை வில்லின் விறைப்பு மீட்டருக்கு 1000 நியூட்டன் என்று வைத்தால், பொட்டலம் 2 சென்டிமீட்டர் தரைக்குள் இறங்கிவிடும். அரிசி புதைந்த மாதிரி ஆகிவிட்டது. விறைப்பை 10 லட்சம் ஆக்குவோம். இப்போது 0.02 மில்லிமீட்டர்தான் இறங்கும், பரவாயில்லை. 100 கோடி ஆக்கினால் கண்ணுக்கே தெரியாது.

அப்படியானால் ஒரேயடியாகப் பெரிய எண்ணைப் போட்டுவிடலாமே? இங்கேதான் பிடி இருக்கிறது. நிகழ்வைக் கணினி தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை, சின்னச் சின்ன நேரத் தாவல்களாகப் பார்க்கிறது. விறைப்பான வில் மிக வேகமாகத் துடிக்கும். தாவல் பெரிதாக இருந்தால் அந்தத் துடிப்பைப் பிடிக்க முடியாமல் கணக்கு வெடித்து, அரிசிப் பொட்டலம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும், திரையில்தான். வழக்கமான ஒரு கணிப்பு முறையில், நிறையை விறைப்பால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் வருவதுதான் அனுமதிக்கப்பட்ட அதிகபட்சத் தாவல். விறைப்பு 1000 என்றால் 0.089 விநாடி, ஒரு விநாடிக் காட்சியை 12 தாவல்களில் முடித்துவிடலாம். 10 லட்சம் என்றால் 350-க்கும் மேல். 100 கோடி என்றால் 11,000-ஐத் தாண்டிவிடும். துல்லியத்துக்கு விலை உண்டு, அந்த விலை கணினி நேரம்.

வேறு வழியும் இருக்கிறது. தரை எவ்வளவு தள்ளுகிறது என்பதையே தெரியாத எண்ணாக வைத்துக்கொண்டு, புகுதல் சரியாகச் சுழியம் என்ற நிபந்தனையோடு சேர்த்துத் தீர்ப்பது. லாக்ரான்ஜ் பெருக்கி முறை என்பார்கள். சுத்தமான விடை வரும், ஆனால் தெரியாத எண்கள் பெருகும். நடைமுறையில் இரண்டையும் கலந்து செய்கிறார்கள்.

காகிதத்திலேயே ஒரு கணினி

இப்போது உராய்வுக்கு வருவோம். பள்ளியில் படித்த விதி நினைவிருக்கிறதா? உராய்வு விசை, குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கிய எல்லையைத் தாண்டாது. அதற்குள் எந்த மதிப்பும் இருக்கலாம். பிரான்சில் அமோன்டோன் 1699-இலும், பின்னர் கூலோம் 1785-இல் வெளியான கட்டுரையிலும் இதை நிலைநாட்டினார்கள். கடினமான பகுதி, ‘எந்த மதிப்பும் இருக்கலாம்’ என்பதுதான். கணினிக்கு ஒரே மதிப்பு வேண்டும்.

அதற்கு ஒரு தந்திரம். முதலில் ஒட்டியிருக்கிறது என்று நம்பு. கணக்குப் போடு. வந்த விசை எல்லைக்குள் இருந்தால் நம்பியது சரி. எல்லையைத் தாண்டினால் நம்பியது தவறு, விசையை எல்லைக்கே திருப்பிக் கொண்டுவந்து, மிச்சத்தை வழுக்கலாக எழுது. தொடுகைக் கணிப்பு மென்பொருள்கள் பலவற்றின் உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் நடப்பது இந்த நாலு வரிதான்.

தாளும் பேனாவும் எடுங்கள். அதே 2 கிலோ பொட்டலம், குணகம் 0.5, ஆகவே எல்லை 10 நியூட்டன். பொட்டலத்தில் ஒரு வில்லைக் கட்டி, வில்லின் மறுமுனையை ஒவ்வொரு படியிலும் 2 சென்டிமீட்டர் இழுக்கிறோம். வில்லின் விறைப்பு மீட்டருக்கு 100 நியூட்டன், ஆகவே படிக்கு 2 நியூட்டன் கூடும். முதல் படி 2, அடுத்து 4, 6, 8, 10. இதுவரை ஒட்டல். ஆறாவது படியில் 12 வருகிறது. தாண்டிவிட்டது. 10-க்குத் திருப்பி, பொட்டலத்தை 2 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். அதன் பிறகு ஒவ்வொரு படியிலும் இதே கதைதான், பொட்டலம் சீராகப் பின்தொடரும்.

இது சலிப்பாக இருக்கிறதா? ஒரே ஒரு மாற்றம் செய்வோம். நிற்கும் பொருளை அசைக்கத் தேவையான விசை, ஓடும் பொருளை ஓட்டத் தேவையானதைவிட அதிகம் என்பது அலமாரியைத் தள்ளியவர்களுக்குத் தெரியும். நிலை உராய்வுக் குணகம் 0.6, இயக்க உராய்வுக் குணகம் 0.4 என்று வையுங்கள். எல்லைகள் 12, 8. இப்போது ஆறாம் படியில் 12, இன்னும் ஒட்டல். ஏழாம் படியில் 14, தாண்டிவிட்டது, விசை 8-க்கு விழுகிறது, பொட்டலம் ஒரே மூச்சில் 6 சென்டிமீட்டர் பாய்கிறது. எட்டாம் படியில் 10, ஒன்பதில் 12, நிற்கிறது. பத்தில் மறுபடி 6 சென்டிமீட்டர். நிற்பது, பாய்வது, நிற்பது, பாய்வது. கரும்பலகையில் சாக்குக்கட்டி கீச்சிடுவதும், பழைய கதவுக் கீல் முனகுவதும், வயலின் தந்தியை வில் பாடவைப்பதும் இந்தத் தவளைப் பாய்ச்சலால்தான்.

சாக்குக்கட்டியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெய்ன்லெவே 1895-இல் ஒரு விந்தையைக் காட்டினார். சாய்ந்த குச்சியொன்று சொரசொரப்பான தளத்தில் வழுக்கிப் போகும்போது, கூலோம் விதியையும் வளையாத பொருள் என்ற கற்பனையையும் சேர்த்தால், சில நிலைகளில் கணக்குக்கு விடையே இல்லை, சிலவற்றில் ஒன்றுக்கு மேல் விடை! சாக்குக்கட்டியைத் தள்ளிப் பிடித்து எழுதினால் அது தத்தித் தத்திப் புள்ளி போடுமே, அந்த இடம்தான். இயற்கை குழம்பவில்லை. நாம் எழுதிய விதிகள்தான் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

ஆறா, நாலா, எட்டா?

நம் தாளுக்குத் திரும்புவோம். பொட்டலம் 6 சென்டிமீட்டர் பாய்ந்தது என்று கணக்கு சொன்னது. நம்பலாமா?

படியைப் பாதியாக்கிப் பாருங்கள், 1 சென்டிமீட்டர். இப்போது 12 நியூட்டனைத் தாண்டும் முதல் படியில் 13 வருகிறது, 8-க்கு விழுகிறது, பாய்ச்சல் 5 சென்டிமீட்டர். படியை 1 மில்லிமீட்டர் ஆக்கினால் பாய்ச்சல் 4.1 சென்டிமீட்டர். இன்னும் சிறிதாக்கினால் 4-ஐ நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். ஆக 6 என்பது இயற்கை சொன்னதல்ல, நாம் எடுத்த படியின் நீளம் சொன்னது. இதனால்தான் பொறியாளர்கள் ஒரு விடையை ஏற்பதற்கு முன், படியையும் துண்டுகளையும் சிறிதாக்கிப் போட்டுப் பார்க்கிறார்கள். விடை நகர்ந்தால் அதை நம்ப மாட்டார்கள்.

அப்படியானால் 4 தான் சரி? அவசரப்படாதீர்கள். நிஜமாகவே ஒரு பொட்டலத்தையும் வில்லையும் வைத்து மெதுவாக இழுத்து அளந்தால் 8 சென்டிமீட்டருக்கு அருகில் வரும். ஏன்? பொட்டலம் கிளம்பும் நொடியில் வில் 12 நியூட்டன் இழுக்கிறது, உராய்வு 8 தான் தடுக்கிறது, மிச்சம் 4 நியூட்டன் அதை முடுக்குகிறது. 4 சென்டிமீட்டர் போனதும் இரண்டும் சமம். ஆனால் அதற்குள் பொட்டலம் வேகம் பிடித்துவிட்டது. ஊஞ்சல் நடுவில் நிற்காமல் மறுபக்கம் போவதுபோல், இன்னொரு 4 சென்டிமீட்டர் போய்த்தான் நிற்கும். நம் கணக்கில் நிறைக்கு வேலையே கொடுக்கவில்லை. படியை எத்தனை கோடி துண்டாக்கினாலும் அது 4 என்றே அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கும், அழகாக, உறுதியாக, தவறாக.

இரண்டு வகைப் பிழை என்பதைக் கவனித்தீர்களா? முதலாவது கணக்குப் போட்ட விதத்தின் பிழை, அதைப் பெரிய கணினி தீர்க்கும். இரண்டாவது நாம் நம்பிய விதியின் பிழை. அதைக் கணினி தீர்க்காது, ஆய்வுக்கூடம்தான் தீர்க்கும். பொட்டலத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் டயரை வைத்தால் இந்த இரண்டாவது பிழை பூதமாகிவிடுகிறது.

விதிக்கு அடங்காத ரப்பர்

மரம், இரும்பு போன்றவற்றுக்குக் கூலோம் விதி ஓரளவு ஒத்துவரும். ரப்பருக்கு வராது. அழுத்தம் கூடினால் அதன் உராய்வுக் குணகம் குறையலாம். வேகம் மாறினால் மாறும். வெயிலில் ஒன்று, மழையில் ஒன்று. ‘ரப்பரின் உராய்வுக் குணகம் என்ன?’ என்று கேட்பது, ‘கெடாவில் மழை எவ்வளவு?’ என்று கேட்பதுபோல. எந்த மாதம், எந்த ஊர் என்று சொல்ல வேண்டாமா?

ரப்பரின் குணத்தை முறையாகப் படித்தவர்கள் யார் என்று தேடினால், கதை சுற்றி நம் ஊருக்கே வந்துவிடுகிறது. மலாயாவிலிருந்து ஏற்றுமதியான ரப்பர் மீது ஒரு சிறு தீர்வை வசூலிக்கப்பட்டது. அது ஆராய்ச்சிக்குப் போனது. இங்கே 1920-களில் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்கும், 1938-இல் இங்கிலாந்தில் அமைக்கப்பட்ட ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கத்துக்கும் இப்படித்தான் பணம் கிடைத்தது. வெல்வின் கார்டன் சிட்டி என்ற ஊரில் அந்தச் சங்கத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. அதன் வழிவந்ததுதான் ஹெர்ட்ஃபோர்ட் அருகே இன்று இருக்கும் துன் அப்துல் ரசாக் ஆராய்ச்சி மையம். அது மலேசிய ரப்பர் வாரியத்துக்குச் சொந்தம்.

பீடோங்கிலும் லூனாஸிலும் விடியற்காலை பெரட்டுக்கு நின்று, மங்கு மங்காகப் பால் எடுத்தவர்களின் உழைப்பில் ஒரு துளி அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அவர்களிடம் யாரும் கேட்டுக்கொண்டு எடுக்கவில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லவுமில்லை. என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை நாமாவது தெரிந்துகொள்வோம்.

முதலில் ரோனல்ட் ரிவ்லின். 1940-களில் அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, பல மடங்கு இழுபடும் பொருளுக்கான மீள்மைக் கணிதத்தை அவர் எழுதினார். பள்ளியில் படிக்கும் ஹூக் விதி சின்ன இழுவைக்குத்தான் சரி, ரப்பருக்குப் போதாது. அமெரிக்காவில் மெல்வின் மூனி 1940-இல் முன்வைத்ததையும் சேர்த்து, ‘மூனி–ரிவ்லின்’ என்ற பெயர் இன்றும் முடிவுறு கூறு மென்பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. டயரோ கையுறையோ பாலத்தின் ரப்பர் தாங்கியோ, ரப்பரைக் கணினியில் வரைபவர்கள் அந்தப் பெயரைச் சந்திக்காமல் இருக்க முடியாது. பாலம் என்றதும் நினைவு வருகிறது: நம் கெடா சுல்தானின் பெயரைத் தாங்கி 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாம் பாலம், நிலநடுக்க அதிர்வைத் தாங்க இயற்கை ரப்பர் தாங்கிகள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தவர் குரோஷ். 1963-இல், ஃபிக்கெரா விடை கண்ட அதே ஆண்டில், அவர் ரப்பரைக் கண்ணாடி மீதும் சொரசொரப்பான உப்புத்தாள் மீதும், பல வெப்பநிலைகளில், ரப்பர் சூடாகிவிடாதபடி மிக மெதுவாக இழுத்து அளந்த முடிவுகளை வெளியிட்டார். வேகம் கூடக் கூட உராய்வு ஏறுகிறது, ஓர் உச்சியைத் தொடுகிறது, பிறகு இறங்குகிறது. வெப்பநிலையைக் கூட்டினால் அந்த உச்சி வேறு வேகத்துக்கு நகர்கிறது. ஆனால் எல்லாக் கோடுகளையும் தக்க அளவு பக்கவாட்டில் நகர்த்தினால் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து ஒரே கோடு ஆகின்றன! சூடான ரப்பரை வேகமாக இழுப்பதும், குளிர்ந்த ரப்பரை மெதுவாக இழுப்பதும் ஒன்றுக்கொன்று ஈடு என்று பொருள். அப்படியானால் உராய்வு மேற்பரப்பில் மட்டும் நடக்கும் விஷயம் அல்ல. ரப்பர் உள்ளுக்குள் நசுங்கி மீளும்போது விழுங்கும் ஆற்றலும் உராய்வாக வெளிப்படுகிறது.

இது மழைநாளில் முக்கியமாகிறது. கண்ணாடி போன்ற வழவழப்பில் ரப்பர் பிடிப்பது பெரும்பாலும் ஒட்டிக்கொள்வதால். இடையில் தண்ணீர் புகுந்தால் அந்த ஒட்டல் போய்விடும். மிஞ்சுவது சாலையின் கற்கள் ரப்பரைக் குத்தி நசுக்கி விடும்போது ரப்பர் விழுங்கும் ஆற்றல் மட்டும். டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றி, ரப்பர் அந்தக் கற்களை எட்ட வழிவிடுகின்றன. கார் டயர்களின் பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடுகள் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. இன்றே வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டுரை காத்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தவர் மூன்றாமவர், அடோல்ஃப் ஷல்லமாக். 1971-இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பே ஒரு குழந்தையின் கேள்வி: ரப்பர் எப்படி வழுக்குகிறது? ஒளி ஊடுருவும் பொருள்களை வைத்து, தொடும் இடத்தையே பார்த்தார். மென்மையான ரப்பர் வழவழப்பான கடினப் பொருளின் மேல் நகரும்போது பல நேரம் அது வழுக்கவே இல்லை! தொடும் பரப்பின் ஒரு முனையில் சின்னச் சுருக்கம் ஒன்று எழும்புகிறது. அந்தச் சுருக்கம் அலைபோல மறுமுனைக்கு ஓடுகிறது. பெரிய பாயை நகர்த்த முழுப் பாயையும் இழுக்காமல், ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போவோமே, அதே மாதிரி. மடிப்பு கடந்துபோன பிறகு பாய் கொஞ்சம் நகர்ந்திருக்கும், ஆனால் எந்த இடமும் தரையில் தேயவில்லை. பிரிகிறது, மறுபடி ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

இதைக் கூலோம் விதியோடு நாலு வரித் தந்திரம் போடும் கணினியிடம் கொடுத்தால் என்ன ஆகும்? எந்தப் புள்ளியும் ‘எல்லையைத் தாண்டி வழுக்கும்’ நிலைக்கே வராத நகர்வு அது. அதைப் பிடிக்க, ஒட்டும் விசையைத் தனியாகச் சேர்க்க வேண்டும், துண்டுகள் அந்தச் சுருக்கத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். சாலையோ கண்ணாடி அல்ல. அதில் கல், கல்லின் மேல் மணல் அளவு முகடு, அதன் மேலும் நுண்முகடு. ஜெர்மனியில் போ பெர்சன் 2001-இல் வெளியிட்ட கோட்பாடு, இந்த அளவுகள் அத்தனையிலும் ரப்பர் எவ்வளவு ஆற்றலை விழுங்கும் என்று கூட்டிச் சொல்ல முயல்கிறது. முழு டயரையும் நுண்முகடு வரை துண்டாக்க எந்தக் கணினியும் போதாது. அதனால் பொறியாளர்கள் டயரைப் பெரிய துண்டுகளாக வைத்துக்கொண்டு, வேகம், அழுத்தம், வெப்பநிலை மூன்றுக்கும் ஏற்ப மாறும் ஒரு குணகத்தைக் கொடுக்கிறார்கள். அந்தக் குணகம் அளந்து எடுத்தது. அளவு தவறினால் திரையில் நிற்கும் வண்டி சாலையில் நிற்காது.

அலோர்ஸ்டாரில் டயர்கள் செய்யப்பட்டிருக்கின்றன. மரத்தில் பாலாக இறங்கியதும், அதன் குணத்தைச் சொல்லும் சமன்பாடும், டயராக உருண்டு வந்ததும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். அந்தச் சமன்பாட்டின் பகுதியில் மட்டும் கெடாப் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் வேலை செய்யலாம் என்பது என் தனிப்பட்ட ஆசை.

மறுபடியும் ஸ்டோருக்கு

தொடங்கிய கேள்வியை விட்டுவிட்டு வந்துவிட்டேன். உருளைகள் ஏன் தடித்த கட்டியைப் பிடிக்கவில்லை?

கட்டியின் முனை உருளையைத் தொடும் இடத்தில் இரண்டு விசைகள். உருளை அதை வெளியே தள்ளுகிறது, உராய்வு உள்ளே இழுக்கிறது. கட்டி தடிமனாக இருந்தால் தொடும் இடம் உருளையின் வளைவில் முன்னதாகவே வந்துவிடும், கோணம் பெரிதாகும், வெளியே தள்ளுவது ஜெயிக்கும். அந்தக் கோணத்தின் டான்ஜென்ட், உராய்வுக் குணகத்தைவிடப் பெரிதானால் பிடிக்காது. இவ்வளவுதான் விதி.

உருளையின் ஆரம் 5 சென்டிமீட்டர், இரு உருளைகளுக்கும் இடையே 3 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். குணகம் 0.3 என்றால் அந்தக் கோணம் 16.7 பாகை. ஒன்றிலிருந்து அதன் கோசைனைக் கழித்து, உருளையின் விட்டமான 100 மில்லிமீட்டரால் பெருக்கினால் 4.2 வரும். அதோடு இடைவெளியைக் கூட்டினால், 7 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் தடிமன்வரைதான் மிஷின் தானாகப் பிடிக்கும். குணகம் 0.5 என்றால் 13.6 மில்லிமீட்டர்வரை.

ஆனால் எது சரி, 0.3 ஆ 0.5 ஆ? அப்போதுதான் உறைந்த பால், மேலெல்லாம் நீர் கசியும், விரலால் அழுத்தினால் குழியும். அதன் குணகத்தை எந்தப் பாடநூலிலும் தேடாதீர்கள். பாட்டியிடம் போங்கள். எவ்வளவு தடிமன் ஆகும்வரை மிதிப்பீர்கள் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். ரூலரை வைத்து அளந்துகொண்டு, மேலே உள்ள கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பாருங்கள்.